களாப்பழ சர்பத்: பிசின் ஒட்டாம, கசக்காம எப்படிப் போடுறது?

கரட்டோரம் (கேள்வி)

வணக்கம். ஊத்தங்கரைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் நடுவுல எங்க கொல்லை. வேலியிலும், அதை ஒட்டின கரட்டுச் சரிவிலும் களாச்செடி புதர்புதரா கிடக்கு. பெரும்பாலும் சிறுகளா, வேலியில மட்டும் பெரிய காய் காய்க்கிற செடி நாலஞ்சு. ஊறுகாய்க்குப் பச்சைக்காய் பறிக்கிறதோட சரி. ஆனி, ஆடியில கறுக்கிற பழம் முழுக்கக் குருவிக்கும் எறும்புக்கும்தான் போகுது. இந்தத் தடவை அதை சர்பத்தாப் போட்டு வைக்கலாம்னு வீட்ல பேச்சு.

தெரிய வேண்டியது இதுதான். எந்தப் பக்குவத்துல பறிக்கணும்? வேக வைக்கணுமா, பச்சையா பிசைஞ்சா போதுமா? பிசின் உதட்டுல ஒட்டுறதும், குடிச்சப்புறம் அடித்தொண்டை கரகரக்கிறதும் எதனால? இன்னொண்ணு, அதே புதர்ல உண்ணிச்செடியும் கலந்து வளர்ந்திருக்கு, அதுவும் கறுப்புப் பழம். பறிக்கப் போறது பசங்க. மாறிப் போகாம இருக்க என்ன சொல்லி அனுப்பணும்?

---

வேலிக்கால்

பறிக்கிற வேலையை மட்டும் நான் சொல்றேன், அடுப்பு வேலைக்கு இங்க ஆள் இருக்காங்க.

முதல்ல உண்ணி. பசங்களுக்குப் பழத்தைக் காட்டாதீங்க, செடியைக் காட்டுங்க. உண்ணித் தண்டு நாலு பட்டையா இருக்கும், அதுல பின்னால வளைஞ்ச பொடி முள் வரிசையா ஓடும். இலை சொரசொரன்னு, ஓரம் ரம்பப் பல் மாதிரி. கசக்கினா காட்டமான நெடி அடிக்கும். பழம் மணிமணியா ஒரே உருண்டைக் கொத்துல நெருக்கிக்கிட்டு நிக்கும். களா இலை தோல் மாதிரி தடிப்பு, மேல்பக்கம் மினுமினுப்பு, ஓரம் வழவழன்னு இருக்கும், கசக்கினா சொல்லும்படியா வாசனை கிடையாது. முள் கணுவுக்குக் கணு ஜோடியா, நேரா, தடியா நிக்கும். சில செடியில முள் நுனி கவட்டையாப் பிரியும். கிளைநுனியை ஒடிச்சா உடனே வெள்ளைப் பால். உண்ணியில பால் வராது.

பால் வந்தா களான்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. அரளி, பொன்னரளி, எருக்கு எல்லாமே பால் வர்ற செடிதான். களாவே அரளிக் குடும்பம்தான். கள்ளியில முள்ளும் உண்டு, பாலும் உண்டு, ஆனா தண்டு சதைப்பத்தா இருக்கும். எதிரெதிர் இலை, ஜோடி முள், பால், கட்டையான தண்டு, இந்த நாலும் ஒரே செடியில சேர்ந்து இருந்தாத்தான் கை வைக்கணும். உண்ணி பின்னிக்கிட்டு வளர்ந்த புதரை பசங்களுக்கு விடவே வேண்டாம், பெரியவங்க பறிக்கட்டும். பச்சை உண்ணிக்காய் விஷம், நாலு காய் கூடையில விழுந்தா கழுவும்போது கண்ணுல படாது. களாவிலயும் பழம் மட்டும்தான் நமக்கு. வேர், பட்டையை எதுக்கும் போட வேண்டாம்.

பக்குவம்: காய் பச்சையில இருந்து செவந்து, அப்புறம் கருஞ்செவப்பாகி, கடைசியில கறுக்கும். நிறத்தை விட நம்பகமானது காம்பு. பழத்தை லேசா திருகுங்க. தானா கழன்டு வந்து, கழன்ட குழியில பால் சொட்டு இல்லைன்னா அது பழுத்தது. வெள்ளைப் பொட்டு வந்தா இன்னும் மூணு நாலு நாள் விடணும். உங்க உதட்டுல ஒட்டுற பிசின் இந்தப் பொட்டுதான். பழுக்கப் பழுக்கப் பால் குறையும், ஆனா செவப்புப் பழத்துல ஓரளவு இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

கையை விட்டுப் பறிக்காதீங்க. புதருக்கு அடியில பழைய வேட்டி இல்ல பிரிச்ச சாக்கை விரிச்சு, கொக்கிக் குச்சியால கிளையை இழுத்து உலுக்கினா பழுத்தது மட்டும் விழும். காய் நிக்கும். அதுவே பாதி தரம்பிரிச்ச மாதிரி. சாக்கை விரிக்கிறதுக்கு முன்னாடி அடிப்பக்கம் குச்சியால தட்டிப் பாருங்க. களாப்புதர் நிழல் பாம்புக்கும் தேளுக்கும் பிடிச்ச இடம்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பா? அப்போ பூ பிடிக்கிற சமயத்துலயும் பிஞ்சு சமயத்துலயும் மருந்து அடிச்சிருப்பாங்க. களாவும் கிட்டத்தட்ட அதே மாசங்கள்ல பூத்துக் காய் பிடிக்கிற செடி. தோப்பை ஒட்டின வரிசையை விட்டுட்டு கரட்டுப் பக்கத்துப் புதர்ல பறிங்க. நெடுஞ்சாலை ஓரத்துச் செடியும் வேண்டாம்.

பறிச்சதை பிளாஸ்டிக் பையில கட்டி வண்டியில தொங்கவிட்டா வீடு போறதுக்குள்ள புழுங்கி, அடியில சாறு கட்டிடும். மூங்கில் கூடை, இல்ல அகலத் தாம்பாளம். கறுத்த பழம் அன்னிக்கே அடுப்புக்குப் போகணும், தள்ளிப்போனா மறுநாள் காலை. அதுக்கு மேல புளிச்ச வாடை வரும்.

---

அரூர் அடுப்படி

வேலிக்கால் அண்ணன் சொன்னது சரி. உலுக்கி எடுத்த பழத்தோட கொஞ்சம் செவப்பையும் கையால பறிச்சுக்கோங்க. முக்கால் பங்கு கறுப்பு, கால் பங்கு செவப்பு. வெறும் கறுப்புல போட்டா நிறம் அழகா வரும், ஆனா குடிக்கிறப்ப சப்புன்னு இருக்கும். புளிப்பும் கொஞ்சம் திடமும் செவப்புல இருந்துதான் வருது. செவப்பு பாதிக்கு மேல போனா பிசினும் கூடும், சாறு உறையவும் ஆரம்பிக்கும். உறையறதைப் பத்திக் கீழே சொல்றேன்.

1 கிலோ பழத்துக்கு அளவு:

காம்பு, இலைத்தூள் எடுத்துட்டு ரெண்டு தண்ணியில அலசுங்க. அப்புறம் 2 லிட்டர் தண்ணியில 2 மேசைக்கரண்டி கல்லுப்பு கரைச்சு, அரைமணி நேரம் பழத்தை ஊறப் போடுங்க. காம்புக் குழியில இருக்கிற பால் திரிஞ்சு வெள்ளையா மேல மிதக்கும். மிதக்கிறதை வழிச்சு எடுத்துட்டுத்தான் தண்ணியை வடிக்கணும். அப்படியே கவிழ்த்தா திரும்ப பழத்து மேலயே ஒட்டிக்கும். மறுபடி நல்ல தண்ணியில ரெண்டு அலசல். பிசினைக் குறைக்கிறதுல பெரும்பங்கு இந்த உப்புத்தண்ணி ஊறலுக்குத்தான், அதைத் தாண்டறதை அடுப்புச் சூடும் வடிகட்டுறதும் பார்த்துக்கும்.

பெரிய களாவா இருந்தா ரெண்டா வகுந்து விதையை நகத்தால தள்ளிடலாம். சிறுகளாவுக்கு அந்த வேலை வேண்டாம், முழுசாப் போடுங்க.

எவர்சில்வர் பாத்திரத்துல பழம், 750 மில்லி தண்ணி. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 12 முதல் 15 நிமிஷம். தோல் வெடிச்சு தண்ணி செக்கச்செவேல்னு ஆகும். அப்போ மரமத்தால லேசா மசிங்க. மிக்ஸியில போடாதீங்க. நிறைய பேர் கசக்குதுன்னு சொல்றதுக்குக் காரணம் மிக்ஸிதான்: விதை உடைஞ்சு கசப்பும் துவர்ப்பும் சாறுல இறங்கிடும், அப்புறம் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் அடங்காது. குக்கரும் தேவையில்லை. இரும்புச் சட்டி கூடவே கூடாது, சாறு கறுத்துப் போகும். அலுமினியத்துல புளிப்பு பாத்திரத்தை அரிக்கும்.

மசிச்சதை ஈரமான மல்துணியில கொட்டி, மூட்டையாக் கட்டித் தொங்கவிடுங்க. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பிழியாம விட்டா சாறு தெளிவா வரும். பிழிஞ்சா இன்னும் ஒரு டம்ளர் கூடுதலா கிடைக்கும், ஆனா கலங்கலா இருக்கும், பாட்டில்ல ரெண்டு நாள்ல வண்டல் கட்டும். வீட்டுக்கு மட்டும்னா பிழிஞ்சுக்கோங்க, குத்தமில்லை. ஏறக்குறைய 1 லிட்டர் சாறு நிக்கும்.

1 லிட்டர் சாறுக்கு 1 கிலோ சர்க்கரை. தீயை ஏத்தி, கரைஞ்சு ஒரு கொதி வந்ததும் அணைச்சிடணும். பாகு காய்ச்சுற பழக்கத்துல பதம் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. களாவுல பெக்டின், அதாவது ஜாமை உறைய வைக்கிற பொருள், அதிகம். புளிப்பு, சர்க்கரை, சூடு மூணும் சேர்ந்து பத்து நிமிஷம் போச்சுன்னா ஆறினப்புறம் பாட்டில்ல இருந்து ஊத்த வராது, கரண்டியால தோண்டி எடுக்கணும். அது நல்ல ஜாம், சர்பத் இல்லை. சந்தேகமா இருந்தா சில்லுன்னு இருக்கிற எவர்சில்வர் தட்டுல நாலு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு சாய்ச்சுப் பாருங்க. ஓடினா சரி. மேலே ஆடை சுருங்கினா உறையற பதத்துக்குக் கிட்ட வந்துருச்சு, உடனே கால் டம்ளர் சுடுதண்ணி விட்டுக் கலக்கி இறக்கிடுங்க.

குடிக்கிறப்ப ஒரு பங்கு சிரப்புக்கு நாலு பங்கு பானைத்தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு இல்லாம குடிச்சா களாவோட ருசி பாதிதான் தெரியும். சப்ஜா விதை ஊறவெச்சுப் போடலாம். ரோஸ்மில்க் நினைப்புல பால்ல மட்டும் கலக்காதீங்க, அப்பவே திரிஞ்சிடும்.

---

பச்சைச்சாறு

அடுப்படி அக்கா சொன்ன முறை சேமிச்சு வைக்கிறதுக்குச் சரி. ஆனா அன்னன்னிக்கே குடிக்கிறதுக்கு அடுப்பே வேண்டாம்ங்கிறது என் கருத்து. வெந்த களாவுக்கு ஜாம் வாசனை வந்துடுது. பச்சையாப் பிசைஞ்சதுலதான் பழத்தோட வாசனை அப்படியே நிக்கும்.

இதுக்கு முழுக்கக் கறுத்து, தொட்டா மெத்துன்னு இருக்கிற பழம் மட்டும். செவப்பு ஒண்ணுகூட வேண்டாம், இங்க பாலை முறிக்கச் சூடு கிடையாது. 250 கிராம் பழத்தை உப்புத்தண்ணியில அலசி, மண்சட்டியிலயோ கண்ணாடிக் கிண்ணத்துலயோ போட்டுக் கையால பிசைங்க. விரல்ல கொஞ்சம் எண்ணெய் தடவிக்கிட்டா பிசின் பிடிக்காது. 1 லிட்டர் ஆறின தண்ணி ஊத்தி 20 நிமிஷம் விட்டு வடிகட்டுங்க. ஒரு மணி நேரம் ஊறட்டும்னு விட்டுட்டுப் போனா தோல்ல இருக்கிற துவர்ப்பு இறங்கி, நாக்கு இழுக்கும். உங்க அடித்தொண்டை கரகரப்புக்கு காயோட பால் ஒரு காரணம்னா, இந்தத் துவர்ப்பு இன்னொண்ணு.

100 கிராம் சர்க்கரை, தட்டின இஞ்சி சுண்டுவிரல் நீளம், உப்பு. ஃபிரிட்ஜ்ல வெச்சாலும் மறுநாள் காலைக்குள்ள குடிச்சிடணும்.

---

கரட்டோரம்

எல்லாருக்கும் நன்றிங்க. சந்தேகம் இன்னும் ரெண்டு. சர்க்கரைக்குப் பதிலா வெல்லம் போடலாமா? அப்புறம், எங்களுக்கு போர் தண்ணிதான், நல்ல உப்பு. பாத்திரத்துல வெள்ளையாப் படியும். அதுலயே செய்யலாமா? ஆடி நோன்புக்கு உறவுக்காரங்க வர்றப்ப ஊத்திக் கொடுக்க நினைக்கிறோம், நிறம் நல்லா இருக்கணும்.

---

அரூர் அடுப்படி

நிறம் நிக்கணும்னா போர் தண்ணி வேண்டாம். களாவோட செவப்பு புளிப்புல பளிச்சுன்னு இருக்கும், காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு, சோடா மாதிரி புளிப்பை முறிக்கிறது) சேர்ந்தா மங்கி ஊதாவாகும், இன்னும் கூடினா சாம்பல் பூத்த மாதிரி ஆகிடும். பாத்திரத்துல வெள்ளையாப் படியற தண்ணி அந்த வகைதான். சிரப் காய்ச்சுறப்ப பழத்தோட புளிப்பு ஓரளவு சமாளிச்சிடும். நாலு பங்கு தண்ணி ஊத்திக் கலக்குறப்பதான் நிறம் அடிபடும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிறத்தைவிடப் பெரிய விஷயம் நிலத்தடித் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடு. கொதிக்க வெச்சா வெள்ளைப் படிவு குறையும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி வத்துறதால சுண்டிக் கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வர்ற குழாய் பக்கத்துல இருந்தா சிரப்புக்கும் கலக்கவும் அதையே பிடிச்சு வெச்சுக்கோங்க. அந்தத் திட்டமே இந்த ஃப்ளோரைடுக்காக வந்ததுதானே. கலக்கின பிறகு நிறம் மங்கலாத் தெரிஞ்சா டம்ளருக்கு நாலு சொட்டு எலுமிச்சை விடுங்க, கண்ணு முன்னாடியே செவப்பு திரும்பும்.

வெல்லம்: ருசிக்கு வெல்லம்தான், பார்வைக்கு இல்லை. வெல்லம் காய்ச்சுறப்ப அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறது உண்டு, அந்தக் காரமும் வெல்லத்தோட சொந்த நிறமும் சேர்ந்து சாறைச் செம்மண் தண்ணி நிறத்துக்குக் கொண்டுபோயிடும். விருந்தாளிக்குச் சர்க்கரை, வீட்டுக்கு வெல்லம்னு வெச்சுக்கோங்க. வெல்லம் போட்டா தனியா அரை டம்ளர் தண்ணியில கரைச்சு, மண் போக வடிகட்டி, அப்புறம் சாறுல சேர்க்கணும். இது ஃபிரிட்ஜ்ல ஒரு வாரத்துக்குத்தான்.

---

பாட்டில்மூடி

சேமிப்பு பத்தி யாரும் விரிவா சொல்லலை. ஒண்ணுக்கு ஒண்ணு சர்க்கரை போட்டா சிரப்புல இனிப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கும். அது ஃபிரிட்ஜ்ல ஒன்றரை, ரெண்டு மாசம் தாங்க போதும். வெளியில அலமாரியில வைக்கப் போதாது, கோடைச் சூட்டுல வாரத்துக்குள்ள நுரைக்கும். மூடியைத் திறக்கிறப்ப புஸ்ஸுன்னா கொட்டிடுங்க, மறுபடி கொதிக்க வெச்சுக் காப்பாத்தப் பார்க்க வேண்டாம்.

வெளியில வைக்கணும்னா கண்ணாடி பாட்டில். கழுவின பாட்டிலைக் கொதிதண்ணியில 15 நிமிஷம் போட்டு, கவிழ்த்து, ஈரம் சுத்தமா போக விடணும். உள்ளே ஒரு துளி ஈரம் நின்னாலும் அந்த இடத்துல இனிப்பு நீர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சிரப் சூடா இருக்கிறப்பவே, பாட்டிலும் சூடா இருக்கிறப்பவே ஊத்தணும். ஆறின பாட்டில்ல கொதிக்கிற சிரப்பை ஊத்தினா அடி கழன்டுடும். வாய்க்குக் கீழே ரெண்டு விரற்கடை இடம் விட்டு மூடி, ஒரு அண்டாவுல அடியில துணி மடிச்சுப் போட்டு பாட்டிலை நிறுத்தி, கழுத்தளவு தண்ணியில 20 நிமிஷம் கொதிக்கட்டும். களா நல்ல புளிப்புப் பழம், அதனால இந்தச் சூடே போதும். திறந்தப்புறம் ஃபிரிட்ஜ்தான். வெளிச்சம் படாத இடத்துல வைங்க, வெயில் பட்டா நிறம் பழுப்பாகும்.

பதப்படுத்துற உப்பு போடணும்னு யாராவது சொன்னா எதுன்னு கேளுங்க. எலுமிச்சை, மாம்பழ ஸ்குவாஷுக்குப் போடுற பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைக் களாவுக்குப் போட்டா செவப்பு வெளுத்துப் போகும். நாவல், களா மாதிரி நிறப் பழத்துக்கு சோடியம் பென்சோயேட்தான், கிலோ சிரப்புக்கு 0.6 கிராமுக்கு மேல போகக்கூடாது. ஸ்பூன் அளவுல இதைப் பிடிக்க முடியாது, கிராம் தராசு வேணும். கொஞ்சம் வெந்நீர்ல கரைச்சு, அடுப்பை அணைச்சப்புறம் சேர்க்கணும். வீட்டுக்குன்னா இந்த வம்பே தேவையில்லை, சூடுபண்ணின பாட்டில் போதும். விக்கிறதா இருந்தா முதல்ல உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணிக்கோங்க.

கூடுதலா ஒரு விஷயம்: பேக்கரி கேக் மேலயும் பீடாவிலயும் உக்காந்திருக்கிற செவப்பு 'செர்ரி' பல இடத்துல சாயம் ஏத்தின களாக்காய்தான். பழத்துக்குன்னே இவ்வளவு நல்ல நிறம் இருக்கிறப்ப, பச்சைக்காயைப் பறிச்சு வெளுக்க வெச்சுச் சாயம் போடுறாங்க, என்னத்த சொல்ல.

---

மலையடிவாரம்

கரட்டோரம் அவர்களுக்கு: "கரட்டுச் சரிவு"ன்னு சொன்னீங்களே, அது பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காடான்னு முதல்ல பார்த்துக்கோங்க. காப்புக்காட்டு எல்லைக்கல்லுக்கு உள்ளே அனுமதி இல்லாம பழம் பறிச்சாலும் 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச்சட்டப்படி குத்தம்தான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் இதைப் படிக்கிறவங்களுக்கு இன்னும் கவனம் வேணும்: காவிரி வடக்கு சரணாலயம் 2014லயும், காவிரி தெற்கு சரணாலயம் 2022லயும் அறிவிச்சாச்சு. சரணாலயத்துக்குள்ள நுழையவே அனுமதி வேணும். யானை வேற நடமாடும், புதருக்குள்ள குனிஞ்சிருக்கிறவங்களுக்குப் பக்கத்துல வந்தாலும் தெரியாது. 2006 வன உரிமைச் சட்டத்துல சிறுவனப்பொருள் உரிமை கிடைச்ச ஊர்க்காரங்க கணக்கு வேற.

வேலியில இருக்கிற அந்த நாலஞ்சு பெரிய களாவையே பெருக்கலாம். பழத்துல இருந்து எடுத்த விதையைக் காயவெச்சு மாசக்கணக்கா எடுத்து வைக்காதீங்க, முளைப்பு சீக்கிரம் போயிடும். சாறு வடிச்ச அன்னிக்கே, வேகவைக்காத பழத்து விதையைக் கழுவி நாற்றுப்பையில போட்டுடுங்க. அடுத்த மழைக்கு வேலியில நட்டா ரெண்டு மூணு வருஷத்துல காய்ப்புக்கு வரும், ஆடும் தாண்டாது.

---

கரட்டோரம்

நாங்க பறிக்கப்போற சரிவு பட்டாதான், கல்லுக்கு இந்தப் பக்கம். பச்சை முறையில ஒரு சட்டி, அடுப்பு முறையில ஒரு கிலோ, ரெண்டும் போட்டுப் பார்க்கிறோம். துணியில தங்குற சக்கையை என்ன பண்றது? பாத்திரத்துல பிடிச்ச பிசினை எப்படி எடுக்கிறது?

---

அரூர் அடுப்படி

பெரிய களாவை விதை எடுத்துட்டுப் போட்டிருந்தா சக்கையை வீணாக்காதீங்க. நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம் போட்டுச் சுருள வதக்கினா தொக்கு. சாறு போனதால புளிப்பு குறைவா இருக்கும், புளி ஒரு கொட்டைப்பாக்களவு சேர்த்துக்கோங்க. சிறுகளாச் சக்கையில விதைதான் அதிகம், அது எருக்குழிக்கு.

பிசினுக்குத் தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்க, இன்னும் இறுகும். காய்ஞ்ச பாத்திரத்துல தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, பழைய துணியால துடைச்சு எடுத்துட்டு, அப்புறம் சீயக்காயோ சோப்போ போட்டுக் கழுவுங்க. கத்தி, கைவிரல், உதடு எல்லாத்துக்கும் இதே எண்ணெய்தான், உதட்டுக்கு மட்டும் சோப்பு வேண்டாம். மல்துணியில பிடிச்சது போகாது, அந்தத் துணியைக் களாவுக்குன்னே ஒதுக்கி வெச்சிடுங்க.